இங்கிலாந்துக்குத் துட்டி கேட்டவர்

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேல் தனி ஆளாகப் போர் தொடுத்து, கடைசியில் தான் ஜெயித்துவிட்டதாகச் செய்தி வந்ததும் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த லாட்ஜ் மேனேஜர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கன்னியாகுமரியில் இருந்தார். 'சாப்பிடாமல்' என்பது சற்று மிகை. என் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். மூன்று நாளும் சாயங்காலம் கஞ்சி குடித்திருக்கிறார்.

அவருடைய சொந்தப் பெயர் லாட்ஜ் முதலாளிக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் தெரியும். ஊருக்கு அவர் சி-ஃபாரம் அண்ணாச்சி. வெளிநாட்டுக்காரர் யார் வந்து தங்கினாலும் லாட்ஜில் ஒரு படிவம் நிரப்பிப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். அதுதான் சி ஃபாரம். மற்ற லாட்ஜ்களில் அது ஐந்து நிமிட வேலை. அண்ணாச்சியிடம் ஐம்பது நிமிடம்.

நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். ஊர் அருமனை. கன்னியாகுமரிக்கு மாற்றலாகி வந்தபோது அந்த லாட்ஜில் மூன்றாம் நம்பர் அறையை ஆறு மாதத்துக்கென்று எடுத்தேன். பதினோரு வருடம் இருந்தேன். அண்ணாச்சியின் இங்கிலீஷ் கோபம் வராதவரை நன்றாக ஓடும். கோபம் வந்தால் நாஞ்சில் நாட்டுக்குத் திரும்பிவிடும். அந்த நேரங்களில் மூன்றாம் நம்பர் அறைக் கதவு தட்டப்படும். நான் மொழிபெயர்ப்பாளன்.

எல்லாம் ஒரு பாஸ்போர்ட்டில் தொடங்கியது. நான் வந்த முதல் வருடம், அடைமழை பெய்த ஒரு திங்கட்கிழமை, நெதர்லாந்துப் பையன் ஒருவன் சொட்டச் சொட்ட வந்து நின்றான். அவன் பாஸ்போர்ட்டின் அட்டையில் முதல் வரி 'ஐரோப்பிய ஒன்றியம்'. அதற்குக் கீழேதான் நாட்டின் பெயர். அண்ணாச்சி அதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுல எது ஒனக்க நாடு?"

"இரண்டும்தான்."

"ரெண்டுக்கும் நடுவுல தகராறு வந்தா ஆரு சொல்லுகத கேப்ப?"

பையன் மழைநீரைத் துடைத்தபடி, முதலில் சாவியைக் கொடுக்க முடியுமா என்று கேட்டான்.

"மொதல்ல பதிலு. பொறவு சாவி."

அன்று முதல் லாட்ஜ் பதிவேட்டில் பெயர், வயது, வந்த நேரம் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி கையால் கோடு போட்டு ஒரு புதிய கட்டம் சேர்த்தார். தலைப்பு: 'கடைசிச் சொல் ஆருக்கு?' ஒரு ஜெர்மன்காரர், எங்கள் நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கு என்று சொல்லி அண்ணாச்சியிடம் கைகுலுக்கல் வாங்கினார். ஒரு பிரெஞ்சுக்காரி, முதலில் வெந்நீர் வருமா என்று சொல்லுங்கள் என்றாள். போலந்திலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் கட்டத்தை நிரப்பப் போய், கவுண்டரிலேயே சண்டை முற்றி, புருஷன் அன்று வரவேற்பறை சோபாவில் கிடந்தார். காலையில் அண்ணாச்சி அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். கடைசிச் சொல் நாட்டுக்கே என்று நின்றவர் என்று பாசம்.

இந்த வெறி எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். 1956 நவம்பர் ஒன்றாம் தேதி, வியாழக்கிழமை, நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அப்போது அவர் சின்னப் பிள்ளை.

"மக்கா, நான் பாயில இருந்து எழும்பவே இல்ல. படுக்கச்சில ஒரு ராஜ்யம், முழிக்கச்சில வேற ராஜ்யம். ஒண்ணாங்கிளாசுல மலையாளத்துல 'அ' எழுதினேன். பொறவு அதே சாரு, அதே பெரம்பு, தமிழ்ல 'அ'. அடி மட்டும் மாறல்ல. எங்க அப்பனுக்க நெலத்து ஆதாரம் மலையாளத்துல. கேசு நடந்தது தமிழ்ல. தீர்ப்பு இங்கிலீசுல. நெலம் மட்டும் கொட்டாரம் ஊருல அப்பிடியே கெடக்கு. சட்டத்த ஒண்ணாக்குகது லேசுன்னு எவனாவது சொன்னா, அவன எனக்கிட்ட அனுப்பு."

ஐரோப்பா தூரத்து எதிரி. பக்கத்து எதிரி, லாட்ஜ்காரர்கள் சங்கம். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை எல்லா லாட்ஜிலும் ஒரே நேரத்தில் கதவு தட்டி எழுப்ப வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்டது. அண்ணாச்சிக்குச் சொந்த முறை இருந்தது. விடியுமுன் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பார்ப்பார். வானம் தெளிந்திருந்தால் எல்லாக் கதவையும் தட்டுவார். மேகம் மூடியிருந்தால் ஒருவரையும் எழுப்ப மாட்டார். எட்டரை மணிக்குக் கண்விழித்த சென்னைக் குடும்பம் ஒன்று கவுண்டரில் வந்து குதித்தது.

"சன்ரைஸ் பாக்கத்தான் சார் இவ்வளவு தூரம் வந்தோம். ஏன் எழுப்பல?"

"சூரியன் வரல்ல. ஒங்கள எழுப்பி பின்ன ஆரக் காட்டுகது, என்னையா?"

சங்கச் செயலாளர் தீர்மான நகலோடு வந்தார். "அண்ணாச்சி, எல்லாருக்கும் ஒரே சட்டம். நீரும் கையெழுத்துப் போடும்."

"மேகம் கையெழுத்துப் போட்டாச்சா?"

"வெளையாடாதேயும் வே."

"அது போட்டப் பொறவு வாரும். நானும் போடுகேன்."

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த ஜனவரியில்தான் ஹில்டா அம்மா வந்தார். இங்கிலாந்துக்காரர், அறுபதைத் தாண்டியவர், நல்ல உயரம். அண்ணாச்சி வழக்கம்போலப் பாஸ்போர்ட் அட்டையைத் தட்டி, கடைசிச் சொல் யாருக்கு என்றார். அந்த அம்மா பையைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். "இந்தக் கேள்வியை முப்பது வருடமாக என் மாணவர்களிடம் கேட்டேன். ஒருவர் என்னிடம் கேட்பது இதுதான் முதல் தடவை" என்றார். சட்டக் கல்லூரியில் ஐரோப்பியச் சட்டம் நடத்தி ஓய்வு பெற்றவர். பதில் இரண்டு மணி நேரம் ஓடியது. அண்ணாச்சி சாவியைக் கையில் வைத்தபடியே கேட்டார். முடிவில், ஒத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, கடல் தெரிகிற பதினோராம் நம்பர் அறையைக் கொடுத்தார். அதுதான் லாட்ஜிலேயே நல்ல அறை.

அதிலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் மூன்று வாரம் அந்த அம்மா வருவார். காலை பத்து மணிக்குக் கவுண்டருக்கு எதிர் நாற்காலியில் உட்காருவார். பால் விட்ட சாயா இரண்டு வரும். அண்ணாச்சி அவரை அம்மை என்பார். அவர் அண்ணாச்சியை மிஸ்டர் சி என்பார். ஒரே வேலைக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் வாங்கிய பெண்கள், சொந்த நாட்டுச் சட்டம் கைவிட்டபோது ஐரோப்பாவின் பொதுச் சட்டத்தைப் பிடித்துத்தான் வழக்கில் ஜெயித்தார்கள் என்பார் ஹில்டா அம்மா. சொந்த வீட்டில் நியாயம் கிடைக்காதவளுக்குப் போய் நிற்க இன்னொரு வாசல் வேண்டாமா என்று கேட்பார்.

"நியாயம் கெடைக்கும், செரி. அந்தச் சட்டத்தப் போட்டவனப் பிடிக்கல்லன்னா ஆர எறக்குகது? எங்க பஞ்சாயத்து மெம்பர் ரோடு போடல்லன்னா அவனுக்க முற்றத்துல போயி நின்னு நாலு கேட்டிரலாம். இவனுவளுக்க முற்றம் எங்க இருக்கு? அதக் கேளு மக்கா."

நான் கேட்பேன். என் மனம் என்னவோ அந்த அம்மாவின் பக்கம். ஆனால் மொழிபெயர்ப்பாளனுக்குக் கட்சி கிடையாது.

1956-ஐக் கொண்டுவந்து அண்ணாச்சி அடித்தபோது, "உங்கள் ஊர்க்காரர்கள் போராடி அல்லவா அந்த இணைப்பைக் கேட்டு வாங்கினார்கள்?" என்று அந்த அம்மா திருப்பி அடித்தார். எங்கோ நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்திருந்தார். "கேட்டு வாங்கினது வேற, கேக்காமத் திணிக்கது வேற" என்றார் அண்ணாச்சி. "எங்கள் நாடுகளும் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டன" என்றார் அந்த அம்மா. அண்ணாச்சி அன்று மத்தியானம் யாருக்கும் அறை கொடுக்கவில்லை.

கதவு தட்டும் விஷயத்தில் அந்த அம்மா சங்கத்தின் கட்சி. மேகத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமை விருந்தாளிக்கு உண்டு, மேனேஜருக்கு இல்லை என்றார். மறுநாள் மேகம் மூடிய விடியலில் பதினோராம் நம்பர் கதவு மட்டும் இடி இடிப்பதுபோல் தட்டப்பட்டது.

"மேகம்தான். பாத்துக்கிடுங்கோ."

அந்த அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு மாடிக்கு வந்து, இருபது நிமிடம் நின்று, ஒன்றும் தெரியாத கிழக்கைப் பார்த்து, "மிக அழகு" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி மூன்று நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வேறு யாருக்கும் ஸ்டூலை விட்டு எழும்பாத அண்ணாச்சி, ஜனவரியில் அந்த அம்மாவின் ஆட்டோ வந்து நின்றால் படியிறங்கி ஓடி, "வாங்கோ, வாங்கோ" என்பார். கிளம்பும்போது "போகிறேன்" என்று சொல்லக் கூடாது, "போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அந்த இரண்டு சொல்லும் அந்த அம்மா வாயில் நம்மூர் ராகத்தோடு வரும்.

2016 ஜூன் 23, வியாழக்கிழமை, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று பிரிட்டனில் ஓட்டெடுப்பு. மறுநாள் காலை எதிரே தங்கமணியின் சாயாக்கடை டிவியில் செய்தி ஓடியது. விலகுவது என்று முடிவு.

"அண்ணாச்சி, நீரு ஜெயிச்சாச்சு! பாயசம் எப்போ வே?" என்று தங்கமணி அங்கிருந்தே கத்தினார்.

"வாய மூடுலே! ஒரு வீட்டுல எழவு விழுந்து கெடக்கு. பாயசம் கேக்குதான்."

யார் வீட்டில் என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"அம்மை முப்பது வருசமா நடத்தின பாடம் மக்கா. நேத்து செத்துப்போச்சு."

அந்த மூன்று நாளைத்தான் முதலிலேயே சொன்னேன். கஞ்சி குடித்தபடியே, "நான் தோத்திருக்கலாம் பாத்துக்கோ" என்றார். ஜெயித்தவர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அக்டோபரில் எனக்கு மார்த்தாண்டத்துக்கு மாற்றல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து அண்ணாச்சியைப் பார்த்துவிட்டுப் போவேன். அடுத்த ஜனவரியில் நான் வந்த ஞாயிற்றுக்கிழமை, எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அம்மா வரவில்லையா என்றேன்.

"வந்தாவ. ஆறு நாளு இருந்தாவ. நேத்து போயாச்சு. மனசு சொகமில்ல போல."

நானும் நம்பிவிட்டேன்.

அதற்கு அடுத்த ஜனவரியில் பதினோராம் நம்பர் அறை பூட்டியே கிடந்தது. சீசன் நேரம். முதலாளி நாகர்கோவிலிலிருந்து போனில் கேட்டார். குழாய் ஒழுகுகிறது என்றார் அண்ணாச்சி. இரண்டாவது வாரமும் ஒழுகியது. மூன்றாவது வாரம் முதலாளி பிளம்பரோடு வந்து இறங்கினார். பிளம்பர் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேலே வால்வையே அண்ணாச்சி மூடி வைத்திருந்தார். தண்ணீரே வராத குழாய் மூன்று வாரமாக எப்படி ஒழுகியது என்று முதலாளி கேட்டதற்கு, "அதாக்கும் எனக்கும் மனசிலாகல்ல" என்று பதில் சொன்னார். முதலாளி அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் அண்ணாச்சி படிவரை போய் வருவதை அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போனபோது நானே கண்டேன். பதினான்கு தடவை. எண்ணுவது என் கெட்ட பழக்கம். பதினான்காவது தடவை வந்து உட்கார்ந்ததும், போன வருடம் என்னதான் நடந்தது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றேன்.

"என்ன நடக்க? அம்மை வந்தாவ. நான் எழும்பி தலையக் குனிஞ்சு நின்னேன்."

"வாங்கோன்னு சொல்லலியா?"

"எழவு வீட்டுக்காரியப் பாத்து எவனாவது வாங்கோன்னு சொல்லுவானா? நீ படிச்சவன் தானே?"

துட்டி, அதாவது துக்கம், கேட்கப் போகிற வீட்டின் முறை நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே வாங்க என்றும் சொல்லக் கூடாது, போய்விட்டு வருகிறேன் என்றும் சொல்லக் கூடாது. அண்ணாச்சி முறையை ஓர் இம்மியும் குறைக்கவில்லை. ஆறு நாளும் பால் சாயாவுக்குப் பதில், துட்டி வீட்டில் கொடுக்கிற பால் விடாத கடுங்காப்பி கொடுத்திருக்கிறார். பதிவேட்டில் 'கடைசிச் சொல்' கட்டத்தை அந்த அம்மா கண்ணில் படாமல் காகிதம் ஒட்டி மறைத்திருக்கிறார். வாதம் எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் அந்த அம்மாவே, "சரி மிஸ்டர் சி, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்" என்று ஆரம்பித்ததற்கு, கையைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் மேல இருக்கவன் தீருமானம்" என்று வானத்தைக் காட்டியிருக்கிறார். ஆறாம் நாள் அந்த அம்மா பையோடு கவுண்டருக்கு வந்து, அழகாக "போயிட்டு வாறேன்" என்றிருக்கிறார்.

"துட்டியில அதச் சொல்லப்பிடாதுல்லா? நான் பதறிப்போயி முகத்தத் திருப்பிக்கிட்டேன். அம்மை கொஞ்ச நேரம் நின்னாவ. பொறவு ஆட்டோல ஏறியாச்சு."

"அண்ணாச்சி, அது எழவு வீடுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

அவர் கையால் நெற்றியை மெல்லத் தட்டிக்கொண்டார்.

"அம்மைய நான் வெரட்டி விட்டுட்டேனா மக்கா?"

பழைய சி ஃபாரம் நகலில் முகவரி இருந்தது. கடிதம் எழுத உட்கார்ந்தோம். 'நான் செய்தது தவறு' என்று நான் ஆரம்பித்தேன். "தவறுன்னு போடாத. முறை தெரியாத எடத்துல முறை செய்தாச்சுன்னு போடு" என்றார். துட்டி வழக்கத்தை வரி வரியாக விளக்கினேன். மறைத்து வைத்த கட்டம், கடுங்காப்பி, எல்லாம். முடிவில் அவர், "ஆனாலும் நாடாளுமன்றத்துக்கு மேல ஒரு கோர்ட்டு இருக்கப்பிடாது, அதையும் சேத்துக்கோ" என்றார். மன்னிப்புக் கடிதத்தில் இது எதற்கு என்றேன். "இல்லன்னா நான்தான் எழுதினேன்னு அம்மை நம்ப மாட்டாவ" என்றார்.

தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்த அன்று முதல் தபால்காரருக்கு நிம்மதி போயிற்று. ஏழு வாரம் கழித்து ஏழு பக்கத்தில் பதில் வந்தது. மாடியில் வைத்து வாசிக்கச் சொன்னார்.

முதல் வரி: 'சண்டை போடக்கூடத் தகுதியில்லாதவளாக என்னை நினைத்துவிட்டீர்கள் என்று ஒரு வருடம் வருந்தினேன்.' அண்ணாச்சி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாவது பத்தி: 'இனி சட்டத்துக்கு வருவோம். உங்கள் ஊர் முறையை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என்மேல் அமல்படுத்தியிருக்கிறீர்கள். பத்து வருடமாக ஐரோப்பாவின் மேல் நீங்கள் சொல்லிவந்த குற்றம் இதுதானே, மிஸ்டர் சி? போகட்டும். நம் இருவர் ஊரிலும் துக்கத்துக்கு ஒரே முறை இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. இதற்கும் பதில் சொல்லுங்கள்.'

"ரெண்டு பக்கமும் மடக்கிட்டாவ மக்கா!" என்று துள்ளினார். "சண்டைக்கு வாறாவ! ஏலே தங்கமணி, அம்மை சண்டைக்கு வாறாவலே!" கீழே தங்கமணி ஒன்றும் புரியாமல் கையை ஆட்டினார்.

கடிதத்தின் கடைசி வரியை நான் மெதுவாகத்தான் வாசித்தேன். இடுப்பு எலும்பில் அறுவை செய்திருந்தார்கள். இனி நெடும்பயணம் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

அண்ணாச்சி கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "அப்பம் பதினொண்ண வாடகைக்கு விட்டிரலாம்" என்றார். வால்வைத் திறந்து விட்டுவிட்டு இறங்கினார்.

பதில் எழுத அவருக்குப் பதினோரு நாள் ஆயிற்று. எழுதிய பதில் இரண்டே வரி. 'எங்களுக்க முறையும் உங்களுக்க முறையும் ஒண்ணா இருந்திருந்தா நான் இந்தக் கடுதாசி எழுதியிருக்க மாட்டேன். நீங்களும் எழுதியிருக்க மாட்டிய.' அதை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன்.

கடிதங்கள் தொடர்ந்தன. 2020 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை, பிரிட்டன் முறைப்படி விலகியது. அதற்கும் ஹில்டா அம்மாவிடமிருந்து எட்டுப் பக்கம் வந்தது. கொரோனாவில் தபால் நின்ற மாதங்களில் அண்ணாச்சி பழைய கடிதங்களை எடுத்து வைத்து, அவற்றுக்குப் புதிய பதில்கள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனவரி வந்தால் மட்டும் கவுண்டரில் உட்கார மாட்டார். வேறு ஆளை உட்கார வைத்துவிட்டு உள்ளறையில் இருப்பார். ஆட்டோ சத்தம் அங்கே கேட்காது.

மூன்று வருடத்துக்கு முன், ஓணத்துக்கு முந்திய வாரம், ஒரு புதன்கிழமை மத்தியானம் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். அதற்கு மறுநாள் அந்த அம்மாவின் கடிதம் வந்தது. உறையைப் பிரிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. 'நல்ல சட்டம் என்றால் அதை யார் போட்டால் என்ன, மிஸ்டர் சி?' என்று கேட்டிருந்தார்.

செய்தியை எழுதித் தெரிவித்தேன். பதில் ஒரு பக்கத்தில் வந்தது. துக்கத்துக்கு மூன்று வரி. அவற்றில் ஒன்று, தன் வாழ்நாளில் கிடைத்த சிறந்த மாணவர் அவர் என்பது. பிறகு, 'ஆனால் என் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லையே. இனி யார் சொல்வார்கள்?' என்று முடித்திருந்தார்.

'யார் போட்டால் என்ன' என்பதுதான் என் எண்ணமும். அதற்கு எதிர்ப்பதில் என்று ஒன்று இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. மேஜையில் உட்கார்ந்தேன். பஞ்சாயத்து மெம்பரின் முற்றம், கொட்டாரத்து நிலம், மேகத்தின் கையெழுத்து என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அந்த அம்மாவை எதிர்த்து நாலு பக்கம் எழுதினேன். இரண்டு மாதத்தில் ஒன்பது பக்கம் திரும்பி வந்தது. இப்போது எழுதிக்கொண்டிருப்பது பதினேழாவது கடிதம்.

அண்ணாச்சியின் கட்சியில் எனக்கு இன்றும் நம்பிக்கை வரவில்லை. அவர் இருந்த பக்கம் ஆளில்லாமல் கிடப்பதைப் பார்க்கத்தான் மனம் இல்லை.